படம் போன டிவியில் டாம் அண்ட் ஜெர்ரி

1997 கோடை. முழுப்பரீட்சை முடிந்து இரண்டு நாள்கூட ஆகவில்லை, கும்பகோணத்தில் எங்கள் வீட்டு டிவியில் படம் போய்விட்டது. சத்தம் மட்டும் கணீரென்று வந்தது. மெக்கானிக் பின்பக்கத்தைக் கழற்றி, ஊதி, தட்டி, உதட்டைப் பிதுக்கி, பாகம் மெட்ராஸிலிருந்து வரணும், பத்து நாளாகும் என்று சொல்லிவிட்டு சைக்கிளில் ஏறிப் போய்விட்டார். பத்து நாள்! கேபிள்காரர் கார்ட்டூன் நெட்வொர்க் கொடுக்க ஆரம்பித்த முதல் கோடை அது. பத்து வயதுப் பையன் என்ன செய்வான்?

சாயங்காலம் டாம் அண்ட் ஜெர்ரி நேரம் வந்ததும் கை தானாகப் போய் சுவிட்சைப் போட்டது. "எதுக்குடா, ஒண்ணும் தெரியாதே" என்றாள் அக்கா. தெரியவில்லைதான். கறுப்புக் கண்ணாடி, அதில் எங்கள் இரண்டு பேர் முகம். சிங்கம் உறுமியது. பித்தளை வாத்தியங்கள் ஆரம்ப இசையை வாரி இறைத்தன. அப்புறம் நடந்ததை எப்படிச் சொல்வேன்! ஒரு கிளாரினெட் சோம்பல் முறித்தது. டாம் தூங்குகிறான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. சைலஃபோன் டிக் டிக் டிக் என்று மூன்றடி வைத்து நின்றது. ஜெர்ரி பொந்திலிருந்து எட்டிப் பார்க்கிறான். வயலின் நரம்புகளை வில்லில்லாமல் விரலால் சுண்டுகிறார்கள். ஜெர்ரி சமையலறைப் பக்கம் நகர்கிறான். ஒரு டிராம்போன் கீழிருந்து மேலே வழுக்கிக்கொண்டு போகிறது. டாமின் ஒரு கண் திறக்கிறது! பிறகு ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, சத்தமே இல்லை. அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள். அப்புறம் பாருங்கள், மொத்த ஆர்கெஸ்ட்ராவும் அவிழ்த்து விட்ட மாதிரி ஓட ஆரம்பித்தது, வயலின்கள் முன்னால், டிரம்பெட்டுகள் பின்னால், எங்கோ பீங்கான் தட்டு ஒவ்வொன்றாக விழுந்து உடைகிறது, கதவு, சுவர், மாடிப்படி, கடைசியில் டமார்! அதைத் தொடர்ந்து டாமின் அந்த அலறல்.

இரண்டு பேரும் கறுப்புக் கண்ணாடியைப் பார்த்துக் கைதட்டினோம். ஒரு படம்கூடப் பார்க்கவில்லை, எல்லாவற்றையும் பார்த்துவிட்டோம்.

பத்து நாளும் அதேதான். மற்ற கார்ட்டூன்கள் எங்களுக்கு அப்படி வாய்க்கவில்லை. அவர்கள் மடமடவென்று இங்கிலீஷில் பேசினார்கள், எங்களுக்கு அரைவாசி புரியாது, படமும் இல்லையென்றால் சுத்தம். டாமும் ஜெர்ரியும்தான் பேசாத பிள்ளைகள். அவர்கள் பேச்சு முழுவதும் வாத்தியத்தில் இருந்தது. அந்தப் பாஷை படிக்க எந்த டியூஷனும் வேண்டியிருக்கவில்லை.

நாலாவது நாளோ ஐந்தாவது நாளோ பெரியப்பா வந்தார். பெரியப்பா தவில்காரர். கல்யாண சீசன், ராத்திரி கச்சேரி முடித்துவிட்டுத் தூக்கக் கலக்கத்தோடு வந்து திண்ணையில் சாய்ந்தவர், உள்ளே கேட்ட சத்தத்துக்கு மெதுவாக எழுந்து உட்கார்ந்தார். டிவி பக்கம் திரும்பக்கூட இல்லை. வலது கை தொடையில் தாளம் போட ஆரம்பித்தது. துரத்தல் வந்தது, தாளம் இரட்டித்தது, கை விடவில்லை, திடீரென்று நின்றது, கையும் நின்றது, எதிர்பாராத அரை இடத்தில் டமார் என்று விழுந்தது, பெரியப்பா "ஆஹா!" என்றார். கச்சேரியில் சொல்கிற அதே ஆஹா! அப்புறம் என்னைப் பார்த்து, "தம்பி, விளையாட்டுக்கு வாசிக்கலடா இவன். கணக்கு வச்சிருக்கான்" என்றார்.

அந்த வார்த்தை எனக்குள் விழுந்த இடத்தை இன்றைக்கும் தொட்டுக் காட்டுவேன். கணக்கு வச்சிருக்கான். யார் அவன்?

படம் திரும்பி வந்த நாளில் அக்காவும் நானும் டிவிக்கு ஒரு முழம் தள்ளி உட்கார்ந்து, முதல்முறையாக ஆரம்பத்தில் ஓடுகிற பெயர்களை எழுத்துக்கூட்டிப் படித்தோம். இசை: ஸ்காட் பிராட்லி. நூறு தடவை கண்முன்னால் ஓடிய பெயர்! அன்றிலிருந்து இன்று வரை அந்தப் பெயர் திரையில் வந்தால் எனக்குக் கை கூப்பத் தோன்றுகிறது, கூப்பியும் இருக்கிறேன், அதில் எனக்கு ஒரு வெட்கமும் இல்லை.

வளர்ந்து கல்லூரிக்குப் போய், மணிக்கு இவ்வளவு என்று காசு கொடுத்து பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து தேடித் தேடிப் படித்தேன். 1891 இல் அமெரிக்காவின் ஆர்கன்சாவில் பிறந்தவர் ஸ்காட் பிராட்லி. வில்லியம் ஹன்னாவும் ஜோசப் பார்பெராவும் எம்ஜிஎம் ஸ்டூடியோவில் 1940 முதல் 1958 வரை எடுத்து வெளியிட்ட 114 டாம் அண்ட் ஜெர்ரி படங்களில் ஒன்றே ஒன்றைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் இவர்தான் இசை. ஒரு படம் ஏழு, எட்டு நிமிஷம். அந்த ஏழு, எட்டு நிமிஷமும் இசை மூச்சு விடுவதில்லை. யோசித்துப் பாருங்கள், சாதாரண சினிமாவில் வசனம் வரும்போது இசையமைப்பாளர் கொஞ்சம் ஓய்வெடுக்கலாம். இங்கே வசனம் அனேகமாகக் கிடையாது. பூனை கண் சிமிட்டினால் அதற்கு ஒரு சுரம், எலி திரும்பினால் அதற்கு ஒரு சுரம். அந்த அலறல் இருக்கிறதே, டாமின் வால் கதவிடுக்கில் மாட்டும்போது வருமே, அது சாட்சாத் ஹன்னாவின் சொந்தக் குரல்! இயக்குநரே மைக் முன்னால் நின்று அலறியிருக்கிறார். இதைப் படித்த அன்று ராத்திரி பதினோரு மணிக்கு அக்காவுக்கு போன் போட்டேன். கல்யாணமாகித் திருச்சியில் இருந்தாள், யாருக்கோ உடம்புக்கு என்னவோ என்று பதறிப்போய் எடுத்தாள். விஷயத்தைச் சொன்னேன். இரண்டு நொடி அமைதி. அப்புறம் அவளும் அலறினாள், சந்தோஷத்தில்.

சரி, அந்தக் கணக்குக்கு வருவோம், இல்லையென்றால் என் நெஞ்சு ஆறாது. பிலிம் ஒரு நொடிக்கு 24 கட்டம் ஓடுகிறது. பன்னிரண்டு கட்டத்துக்கு ஒரு தட்டு என்று வைத்தால் நிமிஷத்துக்கு 120 தட்டு, நிதானமான நடை. எட்டுக் கட்டத்துக்கு ஒரு தட்டு என்றால் 180, தலைதெறிக்கிற ஓட்டம். பிலிமின் ஒலித்தடத்தில் கணக்காகத் துளை போட்டால் ஒவ்வொரு துளைக்கும் ஒரு டிக் கேட்கும். வாசிக்கிறவர்கள் காதில் அந்த டிக் ஓடிக்கொண்டே இருக்கும். நட்டுவனார் தட்டுக்கழியில் ஜதி சொல்ல ஆடுகிறவரின் கால் அதே இடத்தில் விழுகிறதே, அதே சங்கதிதான். எங்கள் ஊர்க்காரர்களுக்கு இது புரியாமலா போகும்? முகூர்த்த நேரத்தில் நாதஸ்வரக்காரர் ராகத்தில் எங்கே சஞ்சாரம் செய்துகொண்டிருந்தாலும், "கெட்டிமேளம்" என்று குரல் கேட்ட அதே நொடியில் மொத்தமும் திரும்பி இடி மாதிரி இறங்குகிறதே, தாலி ஏறுகிற கணமும் மேளம் உச்சிக்குப் போகிற கணமும் ஒன்றாகிறதே! அந்தக் கெட்டிமேளத்தை நிமிஷத்துக்கு இருபது தடவை கொடுத்தால் எப்படி இருக்கும் என்று கற்பனை செய்யுங்கள். அதுதான் ஸ்காட் பிராட்லி.

இன்னொன்று சொல்கிறேன். ஷோன்பெர்க் என்று ஒரு மேதை, ஹிட்லர் காலத்தில் ஜெர்மனியை விட்டு வந்து லாஸ் ஏஞ்சலஸில் குடியிருந்தார். நம் சங்கீதத்தில் பன்னிரண்டு சுவரஸ்தானம் என்கிறோம் அல்லவா, அந்தப் பன்னிரண்டையும் வரிசையாகத் தொட்டு முடிக்கும்வரை தொட்டதை மறுபடி தொடக்கூடாது என்று ஒரு முறையை வகுத்தவர். கேட்டால் தரையே நழுவுகிற மாதிரி இருக்கும், பெரிய பெரிய ரசிகர்களே காதைப் பொத்திக்கொண்ட இசை. அதை எடுத்து 1944 இல் ஸ்காட் பிராட்லி எங்கே வைத்தார் தெரியுமா? ஒரு நாய்த் தலைக்கு அடியில் புகுந்துகொண்டு நம் ஜெர்ரி ஓடுகிற காட்சியில்! தலை மட்டும் தனியாக நடக்கிறது, பார்க்கிறவனுக்குத் தலையும் புரியவில்லை வாலும் புரியவில்லை, இசையும் அப்படியே. உலகத்தின் மிகக் கடினமான சங்கீதத்தைக் கேட்டு உலகத்தின் அத்தனை குழந்தைகளும் கெக்கலித்துச் சிரித்திருக்கிறார்கள், அது கடினம் என்று ஒருவரும் அவர்களுக்குச் சொல்லவில்லை. இதைவிட ஒரு கலைஞனுக்கு என்ன வேண்டும்?

இப்போது வருகிறேன், வந்தே தீர வேண்டும், 'தி கேட் கான்செர்டோ'வுக்கு. ஆஸ்கார் வாங்கிய படம். டாம் அண்ட் ஜெர்ரி வாங்கிய ஏழு ஆஸ்காரில் ஒன்று. காட்சியை மனசில் கொண்டுவாருங்கள். மேடையில் ஒரே ஒரு பெரிய பியானோ. டாம் கறுப்புக் கோட்டும் வெள்ளைச் சட்டையுமாக வருகிறான், சபையை வணங்குகிறான், ஸ்டூலைச் சரிசெய்கிறான், கை துடைத்துக்கொள்கிறான், அந்த முகத்தில் என்ன ஒரு வித்வத் கர்வம்! லிஸ்டின் ஹங்கேரியன் ராப்சடி இரண்டாம் எண்ணை எடுக்கிறான். முதல் பாதி விளம்ப காலம், ஒவ்வொரு சுரமும் தேன் சொட்டுகிற மாதிரி விழுகிறது, உள்ளே சுத்தியல் வரிசையில் ஜெர்ரி தூங்கிக்கொண்டிருக்கிறான், தூக்கிப் போடுகிறது, எழுந்துவிட்டான், வந்துவிட்டான், இனி கேட்க வேண்டுமா! டாம் ஒரு விரலால் அவனைச் சுண்டிவிடுகிறான், வாசிப்பு நிற்கவில்லை. கட்டைக்கு நடுவே எலிப்பொறி முளைக்கிறது, விரல் மாட்டுகிறது, வாசிப்பு நிற்கவில்லை. டாம் எலியைப் பிடித்து ஸ்டூலுக்குள் திணிக்கிறான், ஸ்டூல் உயருகிறது, தாழுகிறது, கால்விரலால் வாசிக்கிறான், நிற்கவில்லை, நிற்கவே இல்லை, ஏனென்றால் சபை பார்த்துக்கொண்டிருக்கிறது, கச்சேரி நடுவில் நிறுத்துகிற வித்வான் உண்டா? துரித காலம் வந்ததும் ஜெர்ரி உள்ளிருந்து இரண்டு சுத்தியலைப் பிடுங்கிக் கம்பிகளை நேராகவே அடிக்கத் தொடங்குகிறான், டாம் முடித்தாயிற்று என்று சரிந்தால் இவன் விடவில்லை, இன்னொரு சுற்று, இன்னும் வேகம், டாமின் கோட்டுக் கை கிழிகிறது, முடி கலைகிறது, கண் பிதுங்குகிறது, எனக்கோ இந்த இடத்தில் ஒவ்வொரு தடவையும், இன்று வரை ஒவ்வொரு தடவையும், தொண்டை அடைத்துக்கொண்டு கண்ணில் தண்ணீர் வந்துவிடும், சிரிப்பா அழுகையா என்று எனக்கே தெரியாது, நாற்காலி நுனிக்கு வந்துவிடுவேன், என் விரல்கள் பத்தும் மேஜையில் ஓடும், கடைசி சுரம் விழும், டாம் பியானோ மேலேயே சாய்வான், சபை எழுந்து ஆர்ப்பரிக்கும், விளக்கு வட்டம் மெல்ல நகர்ந்து போய் நிற்கிற இடத்தில் குட்டிக் கோட்டுப் போட்டுக்கொண்டு யார் வணங்குகிறார்? ஜெர்ரி!

சொல்லுங்கள், நீங்கள் எழுந்து நிற்காமல் இருப்பீர்களா?

ஆச்சரியம் என்னவென்றால், அதே காலத்தில் எதிர் முகாமான வார்னர் பிரதர்ஸிலும் பக்ஸ் பன்னி இதே ராப்சடியைப் பியானோவில் வாசிக்கிற படம் வந்தது, அதிலும் ஒரு எலி! 1946 இல் வந்த 'ராப்சடி ராபிட்'. யார் யாரைப் பார்த்து எடுத்தார் என்று அப்போதே சண்டை. எனக்கு இரண்டும் வேண்டும்.

வார்னர் என்றதும் கார்ல் ஸ்டாலிங்கைச் சொல்லாமல் தாண்டினால் பாவம் வந்து சேரும். அவரும் 1891 இல் பிறந்தவரே. மௌனப் படக் காலத்தில் கான்சாஸ் சிட்டி தியேட்டரில் திரையைப் பார்த்துக்கொண்டே ஆர்கன் வாசித்தவர். குதிரை ஓடினால் அதற்கு ஒரு மெட்டு, காதலர் சந்தித்தால் இன்னொன்று, அங்கேயே, அந்த நொடியிலேயே. வால்ட் டிஸ்னி அவருக்கு அங்கே பழக்கம். 1929 இல் டிஸ்னிக்காக எலும்புக்கூடுகள் ஆடுகிற படத்துக்கு இசை கொடுத்துவிட்டு, 1936 இல் வார்னருக்கு வந்து 1958 வரை இருந்தார். 22 வருஷத்தில் 600 கார்ட்டூன்களுக்கு மேல்! சிவப்பு உடை போட்ட பெண் வந்தால் சிவப்பு உடைக்காரியைப் பற்றிய பாட்டின் மெட்டு, சாப்பாடு வந்தால் சாப்பாட்டுப் பாட்டின் மெட்டு. வார்த்தை தெரிந்தவர்களுக்கு இன்னொரு சிரிப்பு. எங்களுக்கு வார்த்தை தெரியாது, மெட்டே சிரிப்புக் காட்டியது.

அந்தத் தொழிற்சாலை இசை உங்களுக்கும் ஞாபகம் இருக்கும்! கன்வேயர் பெல்ட் ஓடும், இயந்திரக் கை இறங்கும், டன்டன் டன்டன் என்று ஒரே சீராக ஏறிக்கொண்டே போகுமே, அதன் பெயர் 'பவர்ஹவுஸ்'. ரேமண்ட் ஸ்காட் 1937 இல் எழுதியது. அவர் கார்ட்டூனுக்காக எழுதவே இல்லை! வார்னர் 1943 இல் அவர் இசையின் உரிமையை வாங்கியது, ஸ்டாலிங் எடுத்துக் கன்வேயர் பெல்ட்டில் ஏற்றினார், அவ்வளவுதான், உலகம் முழுக்க அது இயந்திரத்தின் தேசிய கீதமாகிவிட்டது. போன வருஷம் ஒரு பிஸ்கட் ஃபாக்டரிக்கு வேலை விஷயமாகப் போனேன். பெல்ட் ஓடத் தொடங்கியதும் வாய் தானாக டன்டன் டன்டன் என்றது. பக்கத்தில் நின்ற சூப்பர்வைசர் என்னைத் திரும்பிப் பார்த்தார். பார்த்துவிட்டு, அடுத்த வரியை அவர் பாடினார்.

பிங்க் பாந்தர்? ஹென்றி மான்சினியின் மெட்டு, பிளாஸ் ஜான்சனின் டெனர் சாக்ஸஃபோன், ஒரு சிறுத்தை கால் நுனியில் நடக்கிற நடையை மூச்சுக்காற்றில் வரைந்துவிட்டார்கள். அதைப் பற்றி ஆரம்பித்தால் இன்றைக்கு முடியாது.

குறையே இல்லையா என்று கேட்பவர்களுக்கு: 1961, 62 இல் பிராகாவில் எடுத்த பதின்மூன்று டாம் அண்ட் ஜெர்ரி படங்களில் சத்தம் கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருக்கும், அவை எனக்கு ஒட்டவில்லை. பழைய படங்கள் சிலவற்றில் கறுப்பின மக்களைக் காட்டிய விதம் இன்று பார்க்கக் கூசுகிறது, அதையும் மறைக்கவில்லை. ஆனால் இசை, அந்த இசை!

அதற்கு என்ன மரியாதை கிடைத்தது என்றும் கேளுங்கள். எம்ஜிஎம் பின்னாளில் தன்னிடமிருந்த இசைத்தாள்களில் பெரும்பகுதியை வேண்டாத காகிதமென்று குப்பையில் கொட்டிவிட்டது. எத்தனை பேர் உழைப்பு! ஜான் வில்சன் என்ற ஆங்கிலேயர் அந்த ஸ்டூடியோவின் பழைய படங்களை நிறுத்தி நிறுத்திக் கேட்டு, ஒவ்வொரு வாத்தியமாகப் பிரித்து, மீட்டு எழுதினார். 2013 ஆகஸ்டில் லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில், பிபிசி பிராம்ஸ் விழாவில், அவருடைய ஆர்கெஸ்ட்ரா டாம் அண்ட் ஜெர்ரி இசையை வாசித்தது. கோட்டுப் போட்ட வித்வான்கள் வரிசையாக உட்கார்ந்து, பீத்தோவனை வாசிக்கிற அதே கவனத்தோடு, பூனை எலியைத் துரத்துகிறதை வாசிக்கிறார்கள். தாளக் கருவிக்காரர்கள் ஓடி ஓடி ஒவ்வொரு சாமானாகத் தட்டுகிறார்கள், உடைக்கிறார்கள். சபை கொண்டாடுகிறது. அந்த வீடியோவை முதல் தடவை பார்த்தபோது பஸ்ஸில் இருந்தேன், இறங்க வேண்டிய ஸ்டாப்பைத் தாண்டி மூன்று ஸ்டாப் போய்விட்டேன், நடந்து திரும்பும் வழியெல்லாம் இன்னொரு தடவை கேட்டேன். எங்கள் கறுப்பு டிவிக்குள் அத்தனை நாளும் இருந்தது இவர்கள்தானா!

போன பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது பெரியப்பாவிடம் அதைக் காட்டினேன். இப்போது அவர் வாசிப்பதில்லை, தோள் ஒத்துழைக்கவில்லை, விரல்களில் கூடு போட்டுத் தேய்ந்த தடம் மட்டும் அப்படியே இருக்கிறது. போனைக் கையில் வாங்கி, கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, அந்தப் பெரிய ஹாலையும் கூட்டத்தையும் கொஞ்ச நேரம் பார்த்தார். "இது அன்னிக்குக் கேட்டதுல்ல?" என்றார். இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் ஆகிறது! நான் தலையாட்டினேன், பேச வரவில்லை.

"படம் எதுக்கு?" என்று சொல்லிவிட்டுப் போனைத் தொடை மேல் குப்புறக் கவிழ்த்து வைத்தார். கண்ணை மூடிக்கொண்டார். துரத்தல் ஆரம்பித்தது. வலது கை போனின் முதுகில் மெல்லத் தட்டத் தொடங்கியது, காலம் இரட்டித்தது, கை விடவில்லை, எங்கோ தட்டுகள் உடைந்தன, எல்லாம் சட்டென்று நின்ற அந்த ஒரு நொடியில் கை அந்தரத்தில் நின்றது, டமார் விழுவதற்கு ஒரு மயிரிழை முன்னாலேயே பெரியப்பா "ஆஹா" என்றுவிட்டார்.